சேக்ரோசாங்க்ட்: மீறக்கூடாததற்குத் தமிழில் என்ன சொல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு ஆங்கிலக் கடிதங்களையும் தீர்ப்பு நகல்களையும் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் மாலையில் வந்து சந்தேகம் கேட்பார்கள். சில ஆண்டுகளாக அவர்களும், மனு எழுத வருகிற விவசாயிகளும், செய்தித்தாளில் வேலை செய்யும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சொல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘சேக்ரோசாங்க்ட்’ என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் பொருள் என்ன?

எவரும், எக்காரணம் கொண்டும் கைவைக்கக் கூடாதது.

எங்கள் அகராதியில் ‘புனிதமான’ என்று போட்டிருக்கிறதே. அது போதாதா?

போதாது. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு விவசாயிகள் சங்கத்துக்கு அலுவலகம் ஒன்றிலிருந்து ஆங்கிலத்தில் பதில் கடிதம் வந்திருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கான பதில் அது. அந்தத் தேதி ‘சேக்ரோசாங்க்ட்’ இல்லை, அணையின் நீர் இருப்பைப் பொறுத்தே முடிவு செய்யப்படும் என்று அதில் இருந்தது. அகராதியை நம்பி, “ஜூன் 12 புனிதமான நாள் அல்ல” என்று மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரவில்லை. “தம்பி, மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து சேரும். நாங்கள் போய் நின்று பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வருகிறோம். அது புனிதம் இல்லை என்று எழுதுவதற்கு இவர்கள் யார்?” என்று கேட்டார். அவர் கோபித்துக்கொண்டது அலுவலகத்தின்மேல். ஆனால் பிழை என்னுடையது. அந்த நாளின் தெய்வத்தன்மையைப் பற்றிக் கடிதம் ஒன்றுமே சொல்லவில்லை. தேதியை மாற்ற இடமுண்டு என்று மட்டுமே சொன்னது. “ஜூன் 12 மாற்றவே கூடாத தேதி அல்ல” என்று நான் எழுதியிருந்தால் அவர் வேறு விதமாகச் சண்டை போட்டிருப்பார். அது நியாயமான சண்டையாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அந்தத் தேதி பல முறை மாறியிருக்கிறது. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் நீரில்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. 2020, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் ஜூன் 12 அன்றே திறந்தது. குறுவை நாற்று விடுகிறவருக்கு அந்த நாள் எவ்வளவு பெரியது என்பது வேறு. அது மீறப்படாமல் காக்கப்படுகிறதா என்பது வேறு. முதலாவது புனிதம். இரண்டாவதைத்தான் இந்த ஆங்கிலச் சொல் கேட்கிறது.

எப்படி உச்சரிப்பது?

முதல் அசையில் அழுத்தம். சேக்-ரோ-சாங்க்ட். கடைசியில் வரும் ‘க்’ மெலிதாகத்தான் ஒலிக்கும். ‘ட்’டை விழுங்கிவிடாமல் சொன்னால் போதும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியிலிருந்து. ‘சாக்ரும்’ என்றால் தெய்வத்துக்குரிய சடங்கு. ‘சாங்க்டுஸ்’ என்றால் உறுதி செய்து காப்பிடப்பட்டது. இரண்டையும் சேர்த்தால், சடங்கால், அதாவது சத்தியத்தால், காப்பிடப்பட்டது என்று ஆகும். சொல்லின் உயிர் இந்தச் சத்தியத்தில்தான் இருக்கிறது. ஆகவே ரோமின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோமில் கி.மு. 494 வாக்கில் நடந்ததாக மரபு சொல்கிறது. எளிய குடிமக்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். கடனைத் தீர்க்க முடியாதவனைக் கடன் கொடுத்தவன் பிணைத்து வேலை வாங்கலாம். போர் வந்தால் படைக்கும் அதே ஆட்கள்தான் போக வேண்டும். பொறுத்துப் பார்த்த மக்கள் ஒருநாள் நகரத்தை விட்டு வெளியேறி, அருகிலிருந்த குன்றொன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைய சொல்லில் வேலைநிறுத்தம். பேச்சுவார்த்தை முடிந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பதவி: ‘ட்ரிப்யூன்’. எளிய மக்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கும் காவலர்.

இந்தக் காவலருக்குப் படை கிடையாது. ஒரு பெரிய மனிதர் ஏழையை இழுத்துக்கொண்டு போனால் குறுக்கே போய் நிற்பார். “தடுக்கிறேன்” என்பார். அவரைத் தள்ளிவிட்டுப் போனால் என்ன செய்வது? அதற்காகத்தான் மக்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள்: இவர் உடம்பின்மேல் கை வைப்பவன் தெய்வத்தின் கோபத்துக்கு உரியவன், அவனைக் கொன்றவன்மேல் குற்றம் இல்லை. அந்தச் சத்தியத்தால் காக்கப்பட்ட உடம்பைத்தான் ‘சாக்ரோசாங்க்டுஸ்’ என்றார்கள். ஒரு ஏழை எந்நேரமும் ஓடிவரலாம் என்பதால் ட்ரிப்யூனுடைய வீட்டுக் கதவை இரவும் பகலும் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று விதி. எனக்கு இந்தச் சொல்லைப் பற்றித் தெரிந்தவற்றிலேயே பிடித்தமானது அந்தத் திறந்த கதவு.

ஆக, தொடக்கத்தில் இந்தச் சொல் கோயிலையோ சிலையையோ குறிக்கவில்லை. ஏழைகளுக்காக நின்ற ஒரு மனிதரின் உடம்பைக் குறித்தது. அந்தக் காப்பை அளித்தவர்களும் ஏழைகளே.

அந்தச் சத்தியம் நிலைத்ததா?

நெடுங்காலம் நிலைத்தது. பிறகு உடைந்தது. உடைந்தது நிலப் பிரச்சினையில்.

திபேரியுஸ் கிராக்குஸ் என்பவர் கி.மு. 133இல் ட்ரிப்யூனாக இருந்தார். பொதுநிலத்தைப் பெருநிலக்காரர்கள் வளைத்துப் போட்டிருந்தார்கள். உச்சவரம்பு வைத்து, மிச்சத்தை நிலமற்றவர்களுக்குப் பங்கிடச் சட்டம் கொண்டுவந்தார். சக ட்ரிப்யூன் ஒருவர் குறுக்கே நிற்க, மக்கள் அவையில் வாக்கெடுத்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். மீறக்கூடாத பதவியில் இருந்தவரை இறக்கியது முறையா என்ற கேள்வியை எதிரிகள் விடாமல் எழுப்பினார்கள். அதே ஆண்டில் செனட் அவையைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய ஆட்களும் உடைந்த பெஞ்சுக் கால்களால் திபேரியுஸை அடித்துக் கொன்றார்கள். உடல் திபேர் ஆற்றில் வீசப்பட்டது.

நில உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு இந்தக் கதையில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை.

பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆனவர், ட்ரிப்யூன் பதவியில் அமராமலேயே அதன் காப்பை மட்டும் கி.மு. 36இல் தனக்கு வாங்கிக்கொண்டார். ஏழையின் கவசம் அரசனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் வந்தது 1600ஐ ஒட்டி.

தமிழில் இதற்கு நேரான சொல் உண்டா?

ஒற்றைச் சொல்லாக இல்லை. ஆனால் அந்தக் கருத்தை நம் ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. டெல்டாவில் கற்றளியுள்ள பழைய கோயில் எதற்கு வேண்டுமானாலும் போங்கள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில், அதிட்டானத்தில், குனிந்து பாருங்கள். எழுத்து ஓடிக்கொண்டே போகும். நிலம், பொன், விளக்கு, ஆடு என்று கொடை விவரமெல்லாம் முடிந்த பிறகு பெரும்பாலும் ஒரு சிறு தொடர் வரும்:

இது பன்மாஹேஸ்வர ரக்ஷை.

‘பன்’ என்றால் பல, எல்லா. மாஹேஸ்வரர் என்றால் சிவனடியார். இந்த அறம் எல்லா அடியார்களின் காவலில் இருக்கிறது என்று பொருள். பெருமாள் கோயிலாக இருந்தால் ‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்று இருக்கும். அரசனே கொடுத்த கொடையாக இருந்தாலும் காவலை அரசனிடம் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். அரசன் போய்விடுவான். அடுத்தவன் வருவான். அடியார் கூட்டம் மட்டும் எப்போதும் இருக்கும். ரோமில் குன்றின்மேல் கூடியிருந்தவர்கள் செய்த சத்தியமும் இதுவும் ஒரே இனம்.

மீறுகிறவனுக்குச் சாபமும் உண்டு. கங்கைக்கும் குமரிக்கும் இடையில் வாழ்ந்தவர்கள் செய்த பாவமெல்லாம் அவன் கொள்வான் என்று சில கல்வெட்டுகள் சொல்லும். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று பிற்காலத்தவை சொல்லும். காப்பாற்றுகிறவனுக்கோ மரியாதை: இந்தத் தர்மத்தை ரட்சித்தவனுடைய பாதம் என் தலைமேல். கொடுத்தவன், தான் செத்த பிறகு யாரென்றே தெரியாத ஒருவனின் பாதத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கும்பகோணத்துக்கு வடக்கே ஒரு சிறு ஊரில், பிரகாரத்தில் உட்கார்ந்து இந்த வரியை ஒரு மாணவனுக்குக் காட்டினேன். எழுத்தின் பள்ளங்களில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து விரலால் துடைத்தால் வெள்ளையாகத் தெரியும். “இது பன்மா” வரைக்கும் வந்தது. அதற்குமேல் புதிதாகப் பூசிய சிமென்ட். மின்கம்பி கொண்டுபோவதற்காக யாரோ கல்லைக் கொத்தி, பிறகு சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். “எல்லாருடைய காவல்” என்று எழுதிய இடத்தையே காக்க ஆளில்லாமல் போய்விட்டது. அந்தப் பையன் சிமென்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை.

‘சாவா மூவாப் பேராடு’ என்றால் என்ன? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சாகாத, கிழமாகாத பெரிய ஆடு. விளக்குக் கொடைகளில் வரும் தொடர் இது.

கோயிலில் அணையாத விளக்கு ஒன்று எரிய வேண்டும். அதற்கு நொந்தா விளக்கு என்று பெயர். நெய் வேண்டும், தினந்தோறும் வேண்டும், சூரிய சந்திரர் உள்ளவரை வேண்டும். பணமாகக் கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆகவே ஆடாகக் கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அவற்றை ஏற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

ஆடு சாகுமே? சாகும். ஆனால் செத்த ஆட்டின் இடத்தில் குட்டி வரும். கிழமானதன் இடத்தில் இளசு வரும். தொண்ணூற்றாறு என்ற எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. ஆகவே கணக்கில் உள்ள ஆடு சாவதில்லை, மூப்பதில்லை. ஒவ்வொரு ஆடும் மாறிக்கொண்டே இருக்க, மந்தை மாறாமல் நிற்கிறது.

‘சேக்ரோசாங்க்ட்’ என்ற சொல்லை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்கு எந்த மொழியிலும் கிடைத்ததில்லை. மீறக்கூடாதது என்றால் அசையாமல் கிடப்பது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் எழுந்து, மேய்த்து, கறந்து, கடைந்து, உருக்கி, அளந்து கொடுக்க ஓர் ஆள் இருந்தால்தான் அது மீறப்படாமல் இருக்கும். எந்தக் காப்பும் யாரோ ஒருவருடைய அன்றாட வேலை.

நிலம் எப்படி மீறக்கூடாததாக ஆனது? வெறும் ஓலையில் எழுதினால் போதுமா?

எழுதுவது பாதி வேலை. இறையிலியாக, அதாவது வரி நீக்கி, தேவதானமாக, அதாவது கோயிலுக்குரியதாக, ஒரு ஊரைக் கொடுக்கும்போது எல்லையைச் சுற்றி ஒரு பெண் யானையை நடத்திக்கொண்டு போவார்கள். அது நடந்த வழியே எல்லை. ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் கூடவே நடப்பார்கள். வழியில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். சோழர் செப்பேடுகளில் “பிடி சூழ்ந்து”, “கல்லும் கள்ளியும் நாட்டி” என்று இது வரும்.

இதில் இருக்கிற அறிவை யோசித்துப் பாருங்கள். யானை நடப்பதை ஊரே வேடிக்கை பார்க்கும். குழந்தைகள் பின்னாலேயே ஓடும். அந்தக் குழந்தைகளுக்கு அறுபது வயதாகும்போதும், “யானை இந்த வாய்க்கால் ஓரமாகத்தான் போனது” என்று சொல்ல முடியும். அதுவே சாட்சி. நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இராசராசன் கொடுத்தான். அதைச் சாசனமாக்கி நிலைநிறுத்தியவன் மகன் இராசேந்திரன். அந்தச் செப்பேடுகள் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடு என்றே பெயர் வந்துவிட்டது. சிவபக்தனான அரசன் கொடுத்தது புத்தர் பள்ளிக்கு. ஆகவே இங்கே மீறக்கூடாததாக இருந்தது கொடுத்த சொல்தான்.

‘சாங்க்ஷன்’ என்ற சொல்லும் இதே குடும்பமா? அது ஏன் அனுமதி என்றும் தண்டனை என்றும் இரண்டு பொருள் தருகிறது?

ஆம், ஒரே வேர். ‘சாங்கீரே’ என்ற வினைச்சொல்லுக்குச் சடங்கோடு உறுதிப்படுத்துதல் என்று பொருள். ஒரு விதியை உறுதிப்படுத்தும்போது, மீறினால் என்ன தண்டனை என்பதும் கூடவே சொல்லப்படும். ஆகவே கடன் ‘சாங்க்ஷன்’ ஆனது என்றால் ஒப்புதல். ஒரு நாட்டின்மேல் ‘சாங்க்ஷன்’ போட்டார்கள் என்றால் தடை.

குழப்பமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லும்போது நம் ‘ஆணை’யைக் காட்டுவேன். அரசாணை என்றால் கட்டளை. “ஆணையிட்டுச் சொல்கிறேன்”, “உன்மேல் ஆணை” என்றால் சத்தியம். ஒரே சொல் மேலிருந்து வரும்போது உத்தரவாகவும், நம் வாயிலிருந்து போகும்போது வாக்குறுதியாகவும் இருக்கிறது. பழைய காலத்தில் இரண்டுக்கும் இடையில் பெரிய இடைவெளி இல்லை.

‘சாங்க்சுவரி’?

அதுவும் இதே குடும்பம். முதலில் கோயிலின் உள்ளிடம், பிறகு அடைக்கலம் தேடி ஓடிவந்தவனைப் பிடிக்கக் கூடாத இடம், பிறகு பறவைகளும் விலங்குகளும் அஞ்சாமல் வாழும் இடம். தமிழில் சரணாலயம் என்று அழகாகவே அமைந்துவிட்டது. கோடியக்கரைக்கு 1967இலும் வடுவூர் ஏரிக்கு 1999இலும் அந்தப் பெயர் கிடைத்தது. வடுவூர் இன்றும் பாசன ஏரிதான்.

‘தீண்டக்கூடாத’ என்று மொழிபெயர்க்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அகராதிப்படி பார்த்தால் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் இந்த மண்ணில் அந்தச் சொல்லை யார்மீது எறிந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். மனிதரைத் தீண்டக்கூடாதவர் என்று சொன்னதுதான் மீறக்கூடாத வழக்கமாக நடத்தப்பட்டது. கோயிலுக்குள் வரக்கூடாது, வாசலில் நிற்கக்கூடாது என்பதெல்லாம் சாத்திரம், சம்பிரதாயம், காலங்காலமாக உள்ளது என்று காக்கப்பட்டது. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்ததைக்கூட வழக்கம் என்றுதான் சொன்னார்கள். உழைக்கிறவர்கள் சங்கம் கட்டி நின்ற பிறகுதான் அந்த வழக்கம் போனது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆகிவிட்டது. தீண்டாமையை ஒழித்தது அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியில் தொடங்கிய தகராறு அது. எளிய மனிதரின் உடம்பைக் காக்கப் பிறந்த ஒரு சொல்லைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் டெல்டாவில் எளிய மனிதரின் உடம்புக்கு அந்தக் காப்பு அன்றிரவு இருக்கவில்லை. அந்த 44 பேரை நினைக்காமல் இந்தப் பகுதியை முடிக்க என்னால் முடியாது.

யாராவது ஒரு பழக்கத்தைக் காட்டி இது மீறக்கூடாதது என்று சொன்னால், நான் என் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். இது யாரைக் காக்கிறது? காவலுக்கு நிற்பவர் யார்?

‘சேக்ரட் கௌ’ என்கிறார்களே, அதுவும் இதுதானா?

நெருங்கிய உறவு. நம் நாட்டில் பசுவை வணங்குவதைப் பார்த்து ஆங்கிலத்தில் உண்டான வழக்கு அது. விமர்சிக்கவே கூடாது என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஆள், கொள்கை, நிறுவனம் என்று பொருள். கொஞ்சம் எள்ளல் கலந்தது. ‘புனிதப் பசு’ என்று நேராகப் பெயர்த்துச் செய்தித்தாள்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஏனென்றால் நமக்குப் பசு என்றதும் திருவாரூர் நினைவுக்கு வருகிறது. கோயிலுக்கு அருகில் கல்தேர் நிற்கிறது. இளவரசன் தேரோட்டிப் போகையில் கன்று ஒன்று சக்கரத்தில் சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். இந்தக் கதையில் கேள்வி கேட்க முடியாதவர் என்று ஒருவருமே இல்லை, அரசனின் மகன் உட்பட. மணியை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்பது மட்டும்தான் மாறாதது. ட்ரிப்யூனின் திறந்த கதவும் திருவாரூர் மணியும் என் மனதில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

இன்றைய எழுத்தில் இந்தச் சொல் எப்படி வருகிறது?

பெரும்பாலும் எதிர்மறையாக. “எதுவும் சேக்ரோசாங்க்ட் இல்லை”, “இந்தக் காலக்கெடு சேக்ரோசாங்க்ட் அல்ல” என்ற வடிவில்தான் நூற்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். நீதிமன்ற மொழியில் மிகுதி. அங்கே “கட்டாயம் மாறக்கூடாதது என்று இல்லை” என்று விரித்து எழுதுவதே நல்லது.

உடன்பாடாகச் சொல்ல வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சொல்லலாம். கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் அமர்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். ஒரே ஓர் ஓட்டு வித்தியாசம்.

நம் டெல்டாவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2020இல் வந்த சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கவும் சில வகை ஆலைகள் வைக்கவும் தடை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை. ஆகவே ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல் சரி. ‘சேக்ரோசாங்க்ட்’ என்று எழுதினால் மிகை. ஆசைப்படுவதை நடந்துவிட்டதாக எழுதக் கூடாது.

‘மோஸ்ட் சேக்ரோசாங்க்ட்’ என்று எழுதலாமா?

எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் திருத்திவிடுவேன். மீறக்கூடாது என்றால் கூடாதுதான், அதில் அதிகம் குறைவு என்ன? பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் ‘சேக்ரோசாங்க்டிட்டி’. தமிழில் ‘மீறாமை’.

அப்படியானால் நீங்கள் எந்தச் சொல்லைப் பரிந்துரைக்கிறீர்கள்?

வாக்குறுதி, ஒப்பந்தம், எல்லை என்றால் ‘மீறக்கூடாத’. அந்த வினைச்சொல்லிலேயே நம் வயல் இருக்கிறது. தண்ணீர் வரப்பை மீறிப் பாயும். வரம்பு என்பதே வரப்புதான். அண்டை வெட்டும் சாக்கில் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியால் ஆண்டுக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, பத்து ஆண்டில் ஒரு ஆள் நடக்க முடியாத வரப்பாக்கி, குடும்பங்கள் பேச்சை நிறுத்திய கதை ஊருக்கு ஒன்று இருக்கும். வரம்பு மீறுதல் என்றால் என்ன என்பதை அந்த வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

தேதி, விதி, காலக்கெடு என்றால் ‘மாற்றவே கூடாத’. ஒருவர் பேச்சை அப்படி மதிக்கிறார்கள் என்றால் ‘வேதவாக்கு’. கோயில், வழிபாடு சார்ந்த இடங்களில் மட்டும் ‘புனிதமான’ பொருந்தும். மற்ற எல்லா இடங்களுக்கும் ‘கைவைக்கக் கூடாத’. இது பேச்சிலும் வாழ்கிறது, எழுத்திலும் உறுத்தாது.

‘கைவைக்கக் கூடாத’ என்பது கொஞ்சம் மட்டமான நடையாகத் தெரியவில்லையா?

எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது என் அம்மாவின் வாயிலிருந்து.

எங்கள் வீட்டில் பின்கட்டில் ஆளுயரக் குதிர் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்பானை. அதில் விதைநெல். வேப்பிலை போட்டு, மூடிவைத்து, விளிம்பைச் சுற்றிச் சாணியால் மெழுகியிருப்பார் அம்மா. ஒரு ஆண்டு ஆற்றில் தண்ணீர் வரவில்லை. ஆடி மாதத்தில் குதிர் காலியாகிவிட்டது. அடியில் கைவிட்டால் உமி மட்டும் வரும். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வீடு தள்ளி அத்தை வீட்டுக்குப் போய்க் கைமாற்றாக அரிசி வாங்கி வந்தார். அதற்காக அவர் எவ்வளவு கூசினார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. “பானையில்தான் நெல் இருக்கிறதே” என்று கேட்டேன். “அதில் கைவைக்கக் கூடாது” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

இளையான்குடி மாற நாயனார் கதையை அவரே பிறகு ஒரு நாள் சொன்னார். பசித்து வந்த அடியாருக்குச் சோறிட வீட்டில் ஒன்றும் இல்லாமல், மழை இரவில் வயலுக்குப் போய், அன்று விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டு வந்தவர் அவர். “அவர் மட்டும் விதைநெல்லில் கைவைத்தாரே?” என்று நான் மடக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அவர் தனக்காக எடுக்கவில்லையே” என்றார்.

புரட்டாசியில் தண்ணீர் வந்தது. தாமதமாகத்தான் வந்தது. அம்மா பானையைத் திண்ணைக்குத் தூக்கிவந்து, காய்ந்த சாணியைக் கத்தி முனையால் சுற்றிலும் பெயர்த்தார். மூடியைத் திறந்ததும் வேப்பிலை வாசனை வந்தது. ஒரு பிடி எடுத்து என் கையில் போட்டு, “எண்ணிப் பார், ஒன்றாவது சொத்தையா?” என்றார்.